மன்னார் கரையில் ஒரு வாசகர்: லியோனார்ட் வூல்ஃப் வாழ்க்கை

நமது காலாண்டு மடலின் வாசிப்பு வட்டப் பகுதிக்காக, அடுத்து எடுக்கலாம் என்று பேசப்படும் ஆங்கில நாவல் ஒன்றின் ஆசிரியரைப் பற்றி இம்முறை எழுதுகிறோம். நாவலின் பெயர் 'தி வில்லேஜ் இன் தி ஜங்கிள்'. காட்டுக்குள் ஒரு கிராமம் என்று பொருள். வெளிவந்தது 1913-இல். எழுதியவர் லியோனார்ட் வூல்ஃப். வர்ஜீனியா வூல்ஃபின் கணவர் என்றுதான் உலகம் அவரை அதிகம் அறியும். ஆனால் பாம்பன்காரர்களான நமக்கு அவரை வேறு விதமாகவும் அறிமுகப்படுத்தலாம். தனுஷ்கோடிக்கு நேர் எதிரே, சுமார் 30 கிலோமீட்டர் கடலுக்கு அப்பால் உள்ள மன்னார் கரையில் வேலை பார்த்தவர், தமிழ் படித்துத் தேர்வு எழுதியவர், முத்துக்குளிக்கப் போன நம் கரை மக்களை நேரில் பார்த்து எழுதியவர் அவர்.

இளமையும் முதல் வாசிப்பு வட்டமும்

லியோனார்ட் 1880 நவம்பர் 25 அன்று லண்டனில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை சிட்னி வூல்ஃப் பெயர் பெற்ற வழக்கறிஞர். வீட்டில் பிள்ளைகள் ஒன்பது பேர். லியோனார்டுக்கு 11 வயதானபோது, 1892-இல், தந்தை இறந்துவிட்டார். வசதியாக இருந்த குடும்பம் திடீரென்று கணக்குப் பார்த்துச் செலவு செய்ய வேண்டிய நிலைக்கு வந்தது. உதவித்தொகை கிடைத்தால்தான் மேற்படிப்பு என்ற நிலையில் படித்து, 1899-இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார்.

நம் வாசிப்பு வட்டத்துக்குப் பிடித்தமான செய்தி இங்கேதான் வருகிறது. கல்லூரியில் சேர்ந்த சில மாதங்களிலேயே அவரும் நண்பர்களும் சனிக்கிழமை நள்ளிரவில் கூடி நாடகங்களைச் சத்தமாக வாசிக்கும் ஒரு குழுவைத் தொடங்கினார்கள். கூடும் நேரத்தையே பெயராக வைத்து அதை நள்ளிரவுச் சங்கம் என்றார்கள். கிளைவ் பெல்லின் அறையில் கூடுவார்கள். லிட்டன் ஸ்ட்ரேச்சி, தோபி ஸ்டீபன், சாக்சன் சிட்னி-டர்னர் ஆகியோரும் அதில் இருந்தார்கள். இந்தத் தோபி ஸ்டீபனின் தங்கைதான் வர்ஜீனியா. பின்னாளில் ப்ளூம்ஸ்பரி வட்டம் என்று இலக்கிய வரலாற்றில் பெயர் பெற்ற குழுவின் வேர், ஆளுக்கொரு பாத்திரமாகப் பிரித்துக்கொண்டு புத்தகம் வாசித்த இந்த மாணவர் அறையில் இருந்தது.

கப்பலில் 90 புத்தகங்கள்

1904-இல் அரசுப் பணித் தேர்வு எழுதினார். மதிப்பெண் எதிர்பார்த்த அளவு வரவில்லை. இங்கிலாந்திலேயே நல்ல பதவி கிடைக்கும் இடத்தில் அவர் பெயர் இல்லை. வீட்டுக்கு வருமானம் வேண்டும். எனவே இலங்கை அரசுப் பணியை ஏற்றுக்கொண்டார். அப்போது வயது 23. அவருடன் வந்தவை இரண்டு. ஒன்று, சார்லஸ் என்ற நாய். மற்றொன்று, பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேரின் 18-ஆம் நூற்றாண்டுப் பதிப்பு, மொத்தம் 90 தொகுதிகள்.

1904 டிசம்பரில் கொழும்பில் இறங்கியவரை 1905 ஜனவரியில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். யாழ்ப்பாணக் கச்சேரியில் வேலை. கச்சேரி என்றால் அங்கே இன்றும் மாவட்ட அரசு அலுவலகம்தான். பாட்டுக் கச்சேரி அல்ல. பகலெல்லாம் மனுக்கள், கணக்குகள், நில வழக்குகள். மாலையில் அங்கிருந்த சில வெள்ளைக்காரர்களுடன் டென்னிஸ், சீட்டாட்டம். புத்தகத்தைப் பற்றிப் பேச ஆள் கிடைப்பது அரிது.

அதனால் அவர் வாசிப்பு வட்டத்தைத் தபாலில் நடத்தினார். லிட்டன் ஸ்ட்ரேச்சியும் அவரும் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் தொடர்ந்து கடிதம் எழுதிக்கொண்டார்கள். என்ன படித்தோம், எது பிடித்தது, எது பொய்யாகப் பட்டது என்பதே அதில் பெரும்பகுதி. ஒரு கடிதம் கப்பலில் போய்ப் பதில் வந்து சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். கேட்ட கேள்வி கேட்டவருக்கே மறந்துபோகும் நேரத்தில் பதில் வரும். ஆனாலும் இருவரும் விடவில்லை. அந்தத் தனிமையில் தன் மனம் சிதறாமல் இருந்ததில் இந்தக் கடிதங்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது அவற்றைப் படிப்பவர்களுக்குத் தெரியும்.

முத்துச்சலாபத்தில்

1906-இன் தொடக்கத்தில் மன்னாருக்குத் தெற்கே மறிச்சுக்கட்டியில் முத்துச்சலாபம் நடந்தது. அந்தப் பணிக்கு லியோனார்டையும் அனுப்பினார்கள். ஆள் நடமாட்டமில்லாத கரையில் சில வாரங்களுக்குள் ஓலைக் கொட்டகைகளால் ஒரு பட்டணம் எழும்பும். நீதிமன்றம், சிறை, மருத்துவமனை, கடைத்தெரு எல்லாம் அதில் உண்டு. சலாபம் முடிந்ததும் மீண்டும் வெறும் மணல். பாரசீக வளைகுடாவிலிருந்து அரபுக் குளிகாரர்கள் வந்தார்கள். கீழக்கரை முதலான நம் கரை ஊர்களிலிருந்து தமிழ்க் குளிகாரர்கள் வந்தார்கள். முத்து வாங்க இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் வியாபாரிகள் வந்தார்கள்.

காலையில் தோணிகள் பார் மேல் போய் நிற்கும். காலில் கல்லைக் கட்டி இறங்குபவர் ஒருவர். மேலே கயிற்றைப் பிடித்துக் காத்திருப்பவர் ஒருவர். மதியத்துக்குப் பிறகு சிப்பியோடு கரை திரும்பினால், வேலி அடைத்த முற்றத்தில் சிப்பி மூன்று பங்காகப் பிரிக்கப்படும். உயிரைப் பணயம் வைத்து மூழ்கியவர்களுக்கு ஒரு பங்கு. மிச்சம் இரண்டு பங்கு அரசுக்கு. அது ஏலம் போகும். சிப்பியை அழுகவிட்டுத்தான் முத்து எடுப்பார்கள். பல லட்சம் சிப்பிகள் வெயிலில் அழுகும் நாற்றமும் ஈக்களும் அந்தப் பட்டணத்தையே மூடியிருக்கும். நாளெல்லாம் கூட்டத்தை ஒழுங்குபடுத்தி, பங்கைச் சரிபார்த்து, சில மணி நேரமே தூங்கி அந்த வாரங்களை லியோனார்ட் கழித்தார். 1961-இல் வெளிவந்த 'குரோயிங்' என்ற தன்வரலாற்று நூலில் இந்தப் பகுதி விரிவாக இருக்கிறது. நம் கரை முத்துத் தொழிலின் கடைசிக் காலத்தை அறிய விரும்புபவர்கள் அந்தப் பக்கங்களைத் தேடிப் படிக்கலாம்.

பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் வந்தது 1914-இல். லியோனார்ட் அதற்கு முன்பே இலங்கையை விட்டுப் போய்விட்டார். நம் கரையின் உழைப்பை அவர் பார்த்தது அக்கரையில் நின்றுதான்.

ஒரு சவுக்கும் ஒரு புகாரும்

யாழ்ப்பாணத்தில் நடந்த ஒரு சம்பவம் அவரை வாழ்நாள் முழுதும் விடவில்லை. குதிரையில் போகும்போது, எதிரே வந்த தமிழ் வழக்கறிஞர் ஒருவரின் முகத்தில் சவுக்கால் அடித்தார் என்று யாழ்ப்பாணத் தமிழர் சங்கம் அவர் மேல் புகார் கொடுத்தது. தெருவை ஆக்கிரமித்துக் கட்டியிருந்த ஒரு திண்ணையை மேலதிகாரிக்குச் சுட்டிக்காட்டவே சவுக்கை நீட்டினேன், யாரையும் அடிக்கவில்லை என்பது அவர் சொன்ன பதில். மேலிடம் அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டது. வேறு யாராக இருந்தாலும் அத்துடன் மறந்திருப்பார்கள்.

அவர் மறக்கவில்லை. 50 ஆண்டுகளுக்கும் மேலாகக் கழித்துத் தன்வரலாறு எழுதும்போது அதைத் திரும்பவும் எடுத்தார். சவுக்கு அந்த வழக்கறிஞர் மேல் படவில்லை என்பதில் அவர் மாறவில்லை. ஆனால் அவர்களுடைய ஊரின் பெரிய தெருவில் தான் ஆள வந்தவனாகக் குதிரை மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததே முகத்தில் அடித்தது போலத்தானே என்று எழுதினார். நல்ல அதிகாரி, கெட்ட அதிகாரி என்பதல்ல பிரச்சினை. ஒருவர் ஊரை மற்றவர் ஆள்வதே பிரச்சினை என்ற எண்ணம் அவருக்குள் வளரத் தொடங்கிய இடங்களில் அது ஒன்று.

அம்பாந்தோட்டை

1907-இல் கண்டிக்கு மாற்றினார்கள். அங்கே போகம்பரை சிறையில் தூக்குத் தண்டனை நிறைவேற்றப்படும்போது உடன் நிற்பதும் அவர் கடமையாயிற்று. 1908 ஆகஸ்டில், 27 வயதில், தென்கோடியில் உள்ள அம்பாந்தோட்டை மாவட்டத்தின் பொறுப்பு முழுதும் அவரிடம் வந்தது. வறண்ட நிலம், முள்காடு, கடலோர உப்பு. நம் ராமநாதபுரத்தை அறிந்தவர்களுக்கு அந்த நிலம் அந்நியமாக இருக்காது. குதிரையிலும் சைக்கிளிலும் மாவட்டம் முழுதும் சுற்றினார். சிங்களமும் கற்றார். உப்புச் சேகரிப்பைச் சீராக்கினார். ஒவ்வொரு நாளும் செய்த வேலையை அரசு நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

திறமையான அதிகாரி என்ற பெயர் வந்தது. கடுமையானவர் என்ற பெயரும் சேர்ந்தே வந்தது. மாடுகளுக்கு வெக்கை நோய் பரவியபோது, மாட்டைக் கட்டி வைக்க வேண்டும், நோய் கண்டு அவிழ்ந்து திரியும் மாட்டைச் சுட வேண்டும் என்ற சட்டத்தை அவர் நிறைவேற்றினார். நோயைத் தடுக்க அதுதான் வழி என்று அவர் நம்பினார். ஏழைக் குடியானவனுக்கோ அந்த மாடுதான் சொத்து. துப்பாக்கியோடு வந்தவரைத்தான் அவன் கண்ணால் பார்த்தான். நோய்க் கிருமியை அல்ல. வேலையை நன்றாகச் செய்யச் செய்ய, அந்த வேலை தனக்குரியதா என்ற சந்தேகமும் அவருக்கு அதிகமாகிக்கொண்டே போனது.

அதிகாரி எழுத்தாளரானார்

1911-இல் ஓராண்டு விடுப்பில் லண்டன் போனார். பழைய நண்பர்கள், அதே பேச்சு, இப்போது உடன் வர்ஜீனியா. 1912-இல் அரசு வேலையை ராஜினாமா செய்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று இருவருக்கும் பதிவுத் திருமணம் நடந்தது. விடுப்பில் எழுதத் தொடங்கிய நாவல் 1913-இல் வெளிவந்தது. அதை வர்ஜீனியாவுக்கே காணிக்கையாக்கினார்.

நாவலின் களம் பெத்தகம என்ற காட்டுக் கிராமம். மக்கள் காட்டை வெட்டி எரித்துச் சேனைப் பயிர் செய்கிறார்கள். ஓரிரு வருடத்தில் மண் வற்றிவிடும். அடுத்த காட்டுத் துண்டை வெட்ட வேண்டும். அதற்கு அனுமதிச் சீட்டு ஊர்த் தலைவரிடம். விதைக்கும் சாப்பாட்டுக்கும் கடன் வட்டிக்காரரிடம். சிலிந்து என்ற வேட்டைக்காரனும் அவனுடைய இரட்டைப் பெண் குழந்தைகளான புஞ்சி மெனிகா, ஹின்னிஹாமி இருவரும் இந்தப் பிடிக்குள் எப்படிச் சிக்குகிறார்கள் என்பதே கதை. வெள்ளைக்காரர் யாரும் கதாநாயகர் இல்லை. நல்லெண்ணம் கொண்ட ஓர் ஆங்கிலேய நீதிபதி வருகிறார். ஆனால் அவர் முன் இருப்பது சாட்சியும் காகிதமும் மட்டும். காட்டில் உண்மையில் என்ன நடந்தது என்பது அந்த நீதிமன்றத்துக்குள் வந்து சேருவதே இல்லை. தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத்தான் லியோனார்ட் அங்கே வைத்துப் பார்க்கிறார். அதிகாரியாக இருந்தபோது அவர் கேட்க முடியாமல் போன குரலை, வேலையை விட்ட பிறகு நாவலில் கேட்கிறார்.

இலங்கையில் இந்த நாவல் இன்றும் வாசிக்கப்படுகிறது. 'பெத்தேகம' என்ற பெயரில் சிங்களத்தில் வந்தது. 1980-இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அதைத் திரைப்படமாக்கினார். அதில் ஆங்கிலேய நீதிபதியாக நடித்தவர், அப்போது இலங்கையில் வாழ்ந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்.

சாப்பாட்டு மேசையில் அச்சகம்

திருமணத்துக்குப் பின் வர்ஜீனியாவின் மனநலம் பலமுறை கடுமையாகப் பாதிக்கப்பட்டது. மருத்துவர்களைப் பார்ப்பது, தூக்கத்தையும் உணவையும் கவனிப்பது என்று லியோனார்டின் வாழ்க்கை மாறிப்போனது. 1917-இல் இருவரும் ஒரு சிறிய கை அச்சு இயந்திரம் வாங்கினார்கள். கைக்கு வேலை இருந்தால் வர்ஜீனியாவின் மனத்துக்கு ஓய்வு கிடைக்கும் என்பதும் ஒரு காரணம். ரிச்மண்டில் ஹோகார்த் ஹவுஸ் என்ற வீட்டின் சாப்பாட்டு அறையில் அது வேலை செய்தது. எழுத்து கோப்பவர் வர்ஜீனியா, அச்சடிப்பவர் லியோனார்ட். சிறு வயதிலிருந்தே அவருக்குக் கை நடுங்கும். அந்தக் கையோடுதான் அச்சடித்தார். இப்படிப் பிறந்த ஹோகார்த் பிரஸ், டி. எஸ். எலியட்டின் கவிதைகளையும், ஃப்ராய்டின் எழுத்துகளை ஆங்கிலத்திலும் வெளியிடும் பெரிய பதிப்பகமாக வளர்ந்தது.

வர்ஜீனியா எழுதி முடிக்கும் ஒவ்வொரு நாவலையும் முதலில் படிப்பவர் லியோனார்ட். அவர் படித்துவிட்டுச் சொல்லும்வரை வர்ஜீனியாவுக்கு நிம்மதி கிடையாது. 'மிஸஸ் டாலோவே', 'டு தி லைட்ஹவுஸ்' போன்ற நாவல்கள் உலகுக்குப் போகும் முன் அந்த வீட்டின் இரண்டு நாற்காலிகளுக்கு இடையே போயிருக்கின்றன. 1920 முதல் பழைய நண்பர்களும் நினைவுக் கட்டுரைகளை எழுதிவந்து ஒருவருக்கொருவர் வாசித்துக்காட்டும் ஒரு குழுவாகக் கூடினார்கள். நள்ளிரவுச் சங்கத்தில் தொடங்கிய பழக்கம் அவர்களை விட்டுப் போகவே இல்லை.

1941 மார்ச் 28 அன்று வர்ஜீனியா தன் உயிரை மாய்த்துக்கொண்டார். லியோனார்ட் ரோட்மெல் கிராமத்து வீட்டிலேயே இருந்து, அவர் விட்டுச் சென்ற கட்டுரைகளையும் நாட்குறிப்பையும் ஒவ்வொன்றாகப் பதிப்பித்தார். இன்று நம் கைக்கு வரும் வர்ஜீனியா வூல்ஃபில் பாதி, அவர் கணவரின் பொறுமையால் வந்தது என்றால் மிகையில்லை.

இலங்கையை மறக்காதவர்

1915-இல் இலங்கையில் கலவரம் வெடித்து, ஆங்கில அரசு கடும் அடக்குமுறையில் இறங்கியபோது, நீதி கேட்டு லண்டன் வந்த இலங்கைத் தலைவர்களுக்கு லியோனார்ட் துணை நின்றார். தொழிற்கட்சியின் ஆலோசனைக் குழுவில் பல ஆண்டுகள் செயலாளராக இருந்து, காலனி நாடுகளுக்குத் தன்னாட்சி வேண்டும் என்று வாதாடினார். 1938-இல் இலங்கையைப் பற்றி எழுதிய குறிப்பில், சிறுபான்மை மக்களுக்குப் பாதுகாப்பு வேண்டும், சுவிட்சர்லாந்து போல அதிகாரத்தைப் பகிரும் அமைப்பை யோசிக்க வேண்டும் என்றார். யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பின்னால் என்ன நடந்தது என்பது, அகதிகள் படகில் வந்து இறங்கிய ராமேஸ்வரம் கரையில் வாழும் நமக்கு விளக்க வேண்டியதில்லை.

1960-இல், 79 வயதில், இலங்கைக்குத் திரும்பப் போய்ப் பழைய இடங்களைப் பார்த்தார். தன் வாழ்க்கையை ஐந்து தொகுதிகளாக எழுதினார். 1969 ஆகஸ்ட் 14 அன்று, 88 வயதில், ரோட்மெல்லில் காலமானார்.

நாம் சேர்ந்து வாசித்தால்

இந்த நாவல் அளவில் பெரியதல்ல. ஆனால் தனியாகப் படிப்பதைவிடச் சேர்ந்து படிக்க ஏற்றது. காரணம், லண்டன் வாசகருக்குத் தெரியாத பல நமக்குத் தெரியும். வயலைச் சீமைக்கருவேலம் விழுங்குவதைப் பார்த்தவர்கள் நம்மில் உண்டு. 1964 டிசம்பர் புயலில் ஓர் ஊரே இல்லாமல் போன தனுஷ்கோடியின் கதையைப் பெரியவர்கள் வாயால் கேட்டவர்கள் உண்டு. முன்பணம் வாங்கிவிட்டுக் கடலுக்குப் போகும் தொழிலின் கணக்கை அறிந்தவர்கள் உண்டு. பெத்தகம கிராமத்தின் கடனையும் காட்டையும் இவர்கள் விளக்கினால், எந்த முன்னுரையும் தேவைப்படாது.

ஆனால் ஒன்று. நாவலின் நீதிமன்றக் காட்சியில் கிராமத்தார் கூண்டில் நிற்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர் இருந்தும் அங்கே நடக்கும் முறை அவர்களுக்குப் பிடிபடுவதில்லை. சாட்சியைக் கேள்வி கேட்கலாம் என்கிறார்கள். என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நிற்கிறார்கள். ஆங்கில நாவல் என்ற காரணத்தால், இந்த விஷயங்களை நன்றாக அறிந்த நம் அண்டை வீட்டார் யாரும் வட்டத்துக்கு வெளியே அப்படி நிற்கக் கூடாது. ஆகவே நமது யோசனை இது:

• ஆங்கிலம் படிப்பவர்கள் ஆளுக்கொரு அத்தியாயம் எடுத்துக்கொண்டு, கூடும்போது கதையைத் தமிழில் சொல்லலாம்.
• நீதிமன்றக் காட்சியை மட்டும் பாத்திரம் பிரித்து, தமிழிலேயே சத்தமாக வாசிக்கலாம். பள்ளிப் பிள்ளைகளும் சேரலாம்.
• பேச்சை ஒரே கேள்வியிலிருந்து தொடங்கலாம்: நீதிபதி நல்லவராக இருந்தும் தீர்ப்பு ஏன் தவறாகப் போனது?
• படிக்காமல் வருபவர்களும் வரலாம். கேட்டுவிட்டுச் சொல்வதற்கும் இடம் உண்டு.

கதையின் முடிவை இங்கே சொல்லவில்லை. அதைச் சேர்ந்தே தெரிந்துகொள்வோம். விருப்பமுள்ளவர்கள் சங்க அலுவலகத்தில் உள்ள பதிவேட்டில் வீட்டு எண்ணை எழுதி வைக்கவும். எந்த அத்தியாயம் யாருக்கு என்பதை அடுத்த மாதக் கூட்டத்தில் பிரித்துக்கொள்ளலாம்.